கப்பல் டூர்ல எடைய எப்படி கணக்கு வெச்சுக்கறது? (சிங்கப்பூர் - பினாங்கு - புக்கெட், 4 ராத்திரி)

கோபி_அம்மணி:

வணக்கமுங்க எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் மொத தடவையா கேக்கறேன். அடுத்த மாசம் நாங்க ஒட்டுக்கா ஒம்பது பேரு, என்ற ஊட்டுக்காரரு, மாமியா, ரெண்டு நங்கையா குடும்பம் அல்லாரும் கோயமுத்தூர்ல ஃப்ளைட் ஏறி சிங்கப்பூர் போயி அங்கிருந்து கப்பல்ல பினாங்கு, புக்கெட் போயிட்டு திரும்பறோம். கொழந்தைக நாலு வருசமா கேட்டுட்டே இருந்ததுக, இப்பத்தான் அமைஞ்சுது.

என்ற வெசனம் என்னன்னா எடைங்க. எனக்கு வயசு 46, ஒசரம் 158 சென்டிமீட்டர். 14 மாசத்துல 82.4 ல இருந்து 71.3 க்கு எறக்கியிருக்கறேன். மருந்து மாத்திரை ஒண்ணுமில்ல, சோத்தக் கொறச்சு, கொள்ளும் கீரையும் முட்டையும் எச்சா சேத்து, தெனம் வாய்க்கா மேட்டுல நடந்து எறக்குனது. எங்கம்மாவுக்கு சக்கரைல கால் வெரலு ரெண்டு எடுத்தாங்க, அத கட்டுப் போட்டு போட்டு பாத்தவ நானு, அதனால இது எனக்கு அழகுக்காக பண்ற காரியம் இல்லீங்க.

தெனமும் காத்தால வெளிக்கு போயிட்டு வந்து, ஒண்ணுமே குடிக்காம, ஒரே நைட்டியோட மிஷின்ல ஏறி காலண்டர்ல எழுதிருவேன். மூணு வருசத்துக்கு முந்தி இதே மாதிரி 7 கிலோ எறக்குனேன், தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு நாளு எழுதாம உட்டேன், அந்த மூணு நாளு மூணு மாசமாச்சு, எறக்குன 7 கிலோவும் திரும்பி வந்திருச்சு. அதனால எழுதாம உடறதுக்குத்தான் பயம், சாப்படறதுக்குக் கூட அவ்வளவு பயமில்ல.

கேக்கறது இதுதான். ஊட்டு மிஷின கப்பலுக்கு எடுத்துட்டு போலாமா? கப்பல்லயே இருக்குமா? ஆடற கப்பல்ல காட்டற எடைய நம்பலாமா? வந்ததுக்கப்பறம் ஏறியிருந்தா அது நெசமா ஏறுனதா இல்லயான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

---

பொள்ளாச்சி_இளநி:

அக்கா, தப்பா நெனைக்காதீங்க, நாலு ராத்திரி தானுங்க. மிஷின ஊட்லயே வெச்சுட்டு போங்க. 14 மாசம் கட்டுப்பாடா இருந்தவீங்களுக்கு நாலு நாளு ஒண்ணும் பண்ணாது. கடலப் பாக்கப் போயி நம்பரப் பாத்துட்டு இருக்கறது எனக்கு மனசுக்கு ஒப்பல.

---

கோபி_அம்மணி:

நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க தம்பி. ஆனா நம்பரப் பாத்தா எனக்கு வெசனம் கொறையும், பாக்காம இருந்தாத்தான் ராத்திரி தூக்கம் வராது. அல்லாருக்கும் இப்படி இருக்கோணும்னு சொல்ல மாட்டேன், எனக்கு அப்படி.

---

மஞ்சமண்டி_ஈரோடு:

நான் 22 வருசமா மண்டில எடை போடற ஆளு, அதனால தராசப் பத்தி மட்டும் சொல்றேன், சாப்பாட்டப் பத்தி தெரிஞ்சவீங்க சொல்லட்டும்.

ஊட்ல இருக்கற மிஷின், அது முள்ளு சுத்தறதோ நம்பர் வர்றதோ, ரெண்டுமே நீங்க எத்தன அழுத்தறீங்கங்கறதத்தான் அளக்குது. உள்ள ஸ்பிரிங்கோ இல்ல அழுத்தத்துல வளையற சின்ன இரும்புத் துண்டோ இருக்கும். லிஃப்ட் மேல கெளம்பறப்ப உடம்பு கனக்கற மாதிரியும் கீழ எறங்க ஆரம்பிக்கறப்ப லேசாற மாதிரியும் இருக்குமில்லீங்க, அந்த நேரம் லிஃப்டுக்குள்ள மிஷின் வெச்சு நின்னா நம்பரும் அப்படியே ஏறி எறங்கும். கப்பல் அலைல ஏறி எறங்கறதும் அதே கதைதான்.

எத்தன மாறும்னு என்ற பையன் (ஃபிசிக்ஸ் படிக்கறான்) கூட ஒக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தோம். கப்பல் நடு நெலைல இருந்து ஒரு மீட்டர் மேல, ஒரு மீட்டர் கீழ, பத்து செகண்டுக்கு ஒரு சுத்துன்னு ஆடுனா 4 பர்சென்ட் வித்தியாசம் வருது. 71 கிலோ ஆளுக்கு 68 ல இருந்து 74 வரைக்கும் நம்பர் ஓடும். நம்பர் மிஷின் நெலையா நின்னாத்தான் எடையப் புடிச்சுக் காட்டும், ஆட்டத்துல ஒண்ணு புடிக்கவே புடிக்காது, இல்லாட்டி எந்த நேரத்துல புடிச்சுதோ அந்தத் தப்ப காட்டும். நீங்க போற மலாக்கா ஜலசந்தி பொதுவா அமைதியான தண்ணிதான், ரெண்டு பக்கமும் நெலம் காத்து அலைய தடுக்குது, அதனால அவ்வளவு ஆட்டம் இருக்காது. இருந்தாலும் 200, 300 கிராம் வித்தியாசத்தப் பாத்து சந்தோசப்படவோ வெசனப்படவோ அந்த நம்பர் ஆகாது.

இதே, குண்டு நகத்தற மேடைத் தராசு இருந்தா கதை வேற. ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் கல்லு. கப்பல் ஏறுனா ரெண்டுக்குமே ஒரே மாதிரி கனம் ஏறும், எறங்குனா ரெண்டும் ஒரே மாதிரி லேசாவும், அதனால முள்ளு ஆடுனாலும் நடுவுல நிக்கற எடம் மாறாது. எங்க மண்டில அந்தக் காலத்து தராசு ஒண்ணு இன்னும் கெடக்குது, அதுக்கு இருக்கற மரியாதை வேற எதுக்கும் கெடையாது. கப்பல் ஜிம்முல அந்த மாதிரி இருந்தா உடாதீங்க.

இன்னொண்ணு, ரூமுக்குள்ள கார்பெட் விரிச்சிருப்பாங்க. கார்பெட் மேல ஊட்டு மிஷின வெச்சா அடி அமுங்கி தப்புத் தப்பா காட்டும். பாத்ரூம் தரைதான் கெட்டி. எடுத்துட்டு போறதா இருந்தா அங்க வெச்சு ஏறுங்க, அதுவும் கப்பல் துறைமுகத்துல கட்டி நிக்கறப்ப மட்டும்.

---

ரேஸ்கோர்ஸ்_நடை:

அண்ணா, அருமையா சொன்னீங்க. நான் அந்த ரூட்லயே ரெண்டு தடவை போயிட்டு வந்தவன், பாத்தத சொல்றேன்.

ஜிம் எல்லா பெரிய கப்பல்லயும் இருக்கும், காசு கேக்க மாட்டாங்க, எடை மிஷினும் இருந்துச்சு, நான் போன ஒரு கப்பல்ல அண்ணன் சொன்ன குண்டு நகத்தற மாதிரியே இருந்துச்சு, இன்னொண்ணுல சாதா டிஜிட்டல். ஊட்டு மிஷின எடுத்துட்டு போறது வேண்டாமுங்க, லக்கேஜுல ஒண்ணரை ரெண்டு கிலோ அதுக்கே போயிரும். அதுக்கு பதிலா இப்படி பண்ணுங்க. கெளம்பற நாளு ஊட்ல எடை எழுதிக்குங்க. சிங்கப்பூர் மரினா பே க்ரூஸ் சென்டர்ல ஏறுன உடனே, கப்பல் கெளம்பறதுக்கு முந்தி, ஜிம்முல ஒருக்கா ஏறி எழுதிக்குங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் துணி, சாப்பிட்ட சாப்பாடு, மிஷினுக்கு மிஷின் இருக்கற கோளாறு எல்லாம் சேந்தது. அதுக்கப்பறம் ஜிம் மிஷின ஜிம் மிஷினோட மட்டும் ஒப்புட்டுப் பாருங்க, ஊட்டு மிஷினோட ஒப்புடவே கூடாது.

சாப்பாட்டுக்கு வரேன், ஏன்னா அங்கதான் உண்மையான வேலை இருக்குது. பஃபே மேல் தளத்துல இருக்கும், காத்தால ஆறரைல இருந்து ராத்திரி வரைக்கும் ஏதாவது ஒண்ணு தெறந்தே இருக்கும். நான் மொத தடவை பண்ணுன தப்பு, தட்ட கைல எடுத்துட்டு வரிசைல நின்னது. தட்டு கைல இருந்தா மொத மூணு பாத்திரத்துலயே ரொம்பிரும், அப்பறம் நமக்கு நெசமா புடிச்சது வரும், அதுக்கு ரெண்டாவது தட்டு. ரெண்டாவது தடவை வெறுங்கையோட ஒரு சுத்து முழுக்க சுத்திப் பாத்துட்டு, என்ன வேணும்னு ரோசனை பண்ணிட்டு அப்பறம் தட்டு எடுத்தேன். இந்த ஒரு பழக்கம் எனக்கு பாதி வேலைய முடிச்சுக் குடுத்துச்சு.

ராத்திரிக்கு பஃபே வேண்டாம், டைனிங் ஹால்ல போயி ஒக்காருங்க. அங்க கொண்டாந்து வெக்கற அளவே சின்னது, ஒண்ணொண்ணா வர்றதால பேசிப் பேசி சாப்படறோம், வயிறு ரொம்பறது தெரியுது. சைவம், ஜெயின் சாப்பாடு எல்லாம் புக் பண்றப்பவே சொல்லி வெச்சுட்டா பண்ணிக் குடுக்கறாங்க, உங்க மாமியாவுக்கு ஒதவும்.

ஜூஸ், கோலா இதுல கவனமா இருங்க. 330 மில்லி கோலா டப்பால 35 கிராம் சக்கரை. பேக்கேஜ் வாங்கிட்டா காசுக்கு குடிக்கோணும்னு கொழந்தைக மட்டுமில்ல பெரியவீங்களும் குடிக்கறோம். நான் வாங்காம உட்டேன், தண்ணியும் டீயும் சும்மாவே கெடைச்சுது.

லிஃப்ட் பக்கமே போகாதீங்க. ரூமு ஏழாவது தளம், சாப்பாடு பதினாலாவது தளம்னா தெனம் மூணு தடவை ஏறி எறங்குனாலே நல்ல நடை. காத்தால விடியற நேரத்துல மேல் தளத்துல நடக்கற தடத்துல ஆளே இருக்காது, சூரியன் கடல்ல இருந்து ஏறி வர்றத நடந்துட்டே பாக்கலாம். நான் தெனம் நம்ம ரேஸ் கோர்ஸ்ல நடக்கறவன், ஆனா அந்த நாலு காலைய இன்னும் மறக்கல.

எனக்கு ஏறுன கணக்கு: மொத தடவை ஊட்டுக்கு வந்த மறுநாளு 3.1 கிலோ எச்சா. ரெண்டாவது தடவை 1.8. ரெண்டு தடவையும் ஒரு வாரத்துல பெரும்பகுதி எறங்கிருச்சு.

---

கோபி_அம்மணி:

3.1 கிலோவா? நாலு நாள்லயா? எனக்கு இப்பவே நெஞ்சு படபடங்குது அண்ணா.

---

கோவை_உணவியல்:

படபடக்க வேண்டாமுங்க அக்கா. நான் உணவியல் படிச்சு பத்து வருசமா இதே வேலைல இருக்கறேன், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

ஒரு கிலோ கொழுப்பு ஒடம்புல சேரோணும்னா செலவு பண்றதுக்கு மேல ஏறக்கொறைய 7,700 கலோரி எச்சா சாப்பிடோணும். 3 கிலோ கொழுப்புன்னா 23,000 க்கு மேல. நாலு நாள்ல அத்தன எச்சா சாதாரணமா யாராலயும் சாப்பிட முடியாது. தெனம் ஆயிரம் கலோரி எச்சா சாப்பிட்டாலும், அது நல்ல விருந்து மாதிரி, நாலு நாளுக்கு 4,000, அதாவது அரைக் கிலோ கொழுப்பு. மீதி எங்கிருந்து வந்துச்சு?

மொதல்ல உப்பு. சூப்பு, சாஸ், ப்ரெட், சீஸ், வறுத்த கறி எல்லாத்துலயும் நம்ம ஊட்டுச் சமையல விட உப்பு எச்சு. உப்பு எச்சானா ஒடம்பு அதுக்குத் தகுந்த தண்ணிய புடிச்சு வெச்சுக்கும்.

ரெண்டாவது, உங்களுக்கு ரொம்ப முக்கியம், நீங்க சோத்தக் கொறச்சவீங்க. நாம சாப்படற மாவுச்சத்துல ஒரு பங்கு கல்லீரல்லயும் சதைலயும் கிளைகோஜன்னு சேமிப்பா நிக்கும், பெரியவீங்களுக்கு ரொம்பி இருந்தா 400, 500 கிராம் வரைக்கும். ஒரு கிராமுக்கு மூணு கிராம் தண்ணி கூடவே ஒட்டிக்கும். 14 மாசமா சோறு கொறச்சு அந்தப் பத்தாயம் பாதி காலியா இருக்கும், கப்பல்ல போயி ரெண்டு நாளு ப்ரெட்டு, நூடுல்ஸ், கேக்குனு சாப்பிட்டா அது ரொம்பி, தண்ணியோட சேந்து ஒரு கிலோ பக்கம் அதுலயே வந்துரும். இது கொழுப்பு இல்ல. பழைய சாப்பாட்டுக்கு திரும்புன மூணு நாலு நாள்ல தானா எறங்கிரும்.

அப்பறம் ஃப்ளைட்ல நாலு மணி நேரம் கால தொங்கப் போட்டு ஒக்காந்தா கால்ல நீர் கோத்துக்கும், எடம் மாறுனதுல மலச்சிக்கல் வரும், மாதவிடாய்க்கு முந்தின நாளுகளா இருந்தா அதுக்குனு ஒரு கிலோ.

அதனால வந்த மறுநாளு காட்டற நம்பர தீர்ப்பா எடுத்துக்காதீங்க. ஆனா எழுதுங்க. எழுதற பழக்கம்தான் உங்கள காப்பாத்தியிருக்குது, அத உடச் சொல்ல மாட்டேன். வந்த ஏழு நாளு எழுதிட்டு அந்த ஏழையும் கூட்டி ஏழால வகுத்து, போறதுக்கு முந்தின ஏழு நாளு சராசரியோட ஒப்புட்டுப் பாருங்க. அந்த வித்தியாசமும் கொஞ்சம் எச்சாத்தான் காட்டும், ஏன்னா மொத ரெண்டு நாளு தண்ணியும் அதுல சேந்திருக்கும். வேணும்னா ரெண்டாவது வாரமும் பாருங்க.

---

நாமக்கல்_விரதம்:

எனக்குத் தெரிஞ்ச வழி, போறதுக்கு முந்தி ரெண்டு நாளு விரதம் இருந்து ஒரு கிலோ ரெண்டு கிலோ எறக்கி வெச்சுக்கறது, வந்த உடனே இன்னும் ரெண்டு நாளு விரதம். எனக்கு ஒத்து வந்துச்சு.

---

கோவை_உணவியல்:

உங்களுக்கு ஒத்து வந்தத தப்புன்னு சொல்லல. ஆனா படிக்கறவீங்கள்ல சக்கரை மாத்திரை சாப்படறவீங்க இருப்பாங்க. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சக்கரை படக்குனு எறங்கி மயக்கம் வந்துரும், அதுவும் பிரயாணத்துல. டாக்டர கேக்காம யாரும் இதப் பண்ணாதீங்க, கை எடுத்துக் கும்பிட்டு கேட்டுக்கறேன். விரதத்துல எறங்கறதுல பாதிக்கு மேல மேல சொன்ன அதே தண்ணிதான், சாப்பிட்ட உடனே திரும்பி வரும்.

---

திருப்பூர்_டேப்பு:

பனியன் கம்பெனில குவாலிட்டி செக்கிங்ல இருக்கறேங்க, நாளெல்லாம் டேப்போடதான் பொழப்பு. எடை மிஷின் ஆடும், டேப்பு ஆடாது. கப்பலுக்கு ஒரு இஞ்ச் டேப்பு போதும், மடிச்சா உள்ளங்கைல அடங்கும்.

வயித்தச் சுத்தி அளக்கறதுக்கு எடம் முக்கியமுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேட்டுக்கும் நடுவுல, மூச்ச சாதாரணமா வெளிய உட்டுட்டு, வயித்த எக்காம, டேப்பு தோல அமுக்காம தொட்டுட்டு மட்டும் நிக்கோணும், முன்னாடியும் பின்னாடியும் ஒரே மட்டத்துல. காத்தால வெறும் வயித்துல. மூணு தடவை அளந்து நடுவுல வந்தத எழுதுங்க. நம்ம ஆளுகளுக்கு ஆம்பளைகன்னா 90 சென்டிமீட்டர், பொம்பளைகன்னா 80 ன்னு எல்லை சொல்றாங்க, வெள்ளைக்காரங்களுக்கு சொல்றத விட கம்மி, ஏன்னா நமக்கு தொப்பைலதான் மொதல்ல சேருது.

பழைய துணி டேப்பு வேண்டாம், இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும். எங்க கம்பெனில டேப்ப இரும்பு ஸ்கேலோட வெச்சு ஒத்துப் பாத்து, மாறியிருந்தா தூக்கிப் போட்டுருவோம். நீங்களும் ஒருக்கா ஸ்கேலோட ஒத்துப் பாத்துட்டு எடுத்துட்டு போங்க.

---

காங்கேயம்_வண்டி:

இந்த இழைய ரெண்டு நாளா படிக்கறேன். எங்களுக்கு வேற மாதிரி ஒரு பிரச்சனைங்க, இங்கயே கேக்கறேன், தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க.

எங்கப்பாவுக்கு 68 வயசு. ஹார்ட் பம்பிங் கம்மி, 35 பர்சென்ட். யூரின் போற மாத்திரை சாப்படறாரு. டாக்டரு தெனமும் எடை பாக்கச் சொல்லியிருக்காரு, ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேலயோ ஒரு வாரத்துல ரெண்டு கிலோவுக்கு மேலயோ ஏறுனா உடனே கூப்பிடச் சொன்னாரு. போன வருசம் ஆலப்புழை போட் ஹவுஸுக்கு மூணு நாளு போயிருந்தோம், மிஷின் எடுத்துட்டு போகல, ஊறுகா, கருவாடு, மீன் கொழம்புனு நல்லா சாப்பிட்டாரு, மூணு நாள்தானேன்னு நாங்களும் உட்டுட்டோம். திரும்பி வந்த ராத்திரி படுக்க முடியல, ஒக்காந்தே மூச்சு வாங்குனாரு. அஞ்சு நாளு ஐசியூ. நெஞ்சுல தண்ணி கோத்துக்குச்சுன்னாங்க. சேத்துனப்ப எடை நாலு கிலோ எச்சா இருந்துச்சு, ஒருத்தரும் பாக்கல. அது என்ற தப்புன்னு இன்னும் மனசு அறுக்குது.

இப்ப அவருக்கு கடல்ல போகோணும்னு ஆசை. வாழ்நாள் முழுக்க காடு, மாடுன்னு கெடந்தவரு, கேக்கறத இல்லைன்னு சொல்ல முடியல. பம்பாய்ல இருந்து கொச்சி, லட்சத்தீவு போற கப்பல் ரோசனை பண்ணிருக்கறோம். டாக்டரு, ஒடம்பு இப்ப நெலையா இருக்குது, போலாம், ஆனா எடைய உடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. ஆடற கப்பல்ல மிஷின் தப்பு காட்டும்னு மண்டி அண்ணன் சொல்றாரு. அப்ப நான் எத நம்பறது?

---

மஞ்சமண்டி_ஈரோடு:

தம்பி, நல்லவேளை கேட்டீங்க. நான் மேல சொன்னது எறக்கறவீங்களுக்கு, 200 கிராம் பாக்கறவீங்களுக்கு. உங்களுக்கு வேண்டியது ஒரு கிலோ ஏறுச்சா இல்லையாங்கறது. அதுக்கு வழி இருக்குது.

உங்க சொந்த மிஷினையே எடுத்துட்டு போங்க, லக்கேஜ் கனம் பாக்காதீங்க. கூடவே ஒரு ஒத்துப் பாக்கற ஆளு வேணும், அது நீங்கதான். அப்பா ஏறுன உடனே நீங்களும் ஏறுங்க. அப்பறம் மறுபடி அப்பா, மறுபடி நீங்க. அஞ்சு தடவை. கப்பல் ஆட்டத்துல மிஷின் எச்சு கம்மி காட்டுனா ரெண்டு பேருக்கும் காட்டும், அஞ்சுக்கு நடுவுல வர்ற நம்பர எடுத்துக்குங்க. உங்க எடை ஊட்ல 74 இருந்து அங்கயும் 74 பக்கம் காட்டி, அப்பாவுக்கு மட்டும் ஒண்ணரை ஏறியிருந்தா மிஷின் மேல பழி போடாதீங்க, அப்பாவுக்குத்தான் ஏறியிருக்குது. மண்டில சந்தேகம் வந்தா படிக்கல்ல வெச்சு ஒத்துப் பாக்கறோமில்ல, அதே முறைதான். நீங்க மட்டும் அந்த நாலு நாளு மிதமா சாப்பிடுங்க, படிக்கல்லு மாறக்கூடாது.

ரூமு புக் பண்றப்ப கப்பலோட நடுப்பகுதில, கீழ்த் தளத்துல கேளுங்க. முன்பக்கமும் பின்பக்கமும் ஊஞ்சலோட நுனி மாதிரி எச்சா ஏறி எறங்கும்.

---

கோவை_உணவியல்:

மண்டி அண்ணன் சொன்ன படிக்கல் முறை எனக்கே புதுசு, ரொம்ப நல்லா இருக்குது. அதோட சிலது சேத்துக்கறேன்.

நான் மேல ஏழு நாளு சராசரின்னு சொன்னது உங்கப்பாவுக்கு இல்லவே இல்லீங்க. அவருக்கு தெனம் தெனம் பாக்கோணும், ஏறுனா அன்னைக்கே. மத்தவீங்களுக்கு தண்ணி ஏறுனா அது ஒண்ணுமில்ல, அவருக்கு தண்ணி ஏறறதுதான் சீக்கே.

மிஷின் இல்லாமயும் பாக்கலாம். கணுக்காலுக்கு மேல எலும்பு மேல பெருவெரலால அழுத்தி எடுங்க, குழி அப்படியே நின்னா நீர். தெனம் போடற செருப்பு இறுக்குதா. ராத்திரி எத்தன தலகாணி வெச்சுப் படுக்கறாரு, நேத்து ஒண்ணு இன்னைக்கு ரெண்டுன்னா உடனே கவனிங்க. படுத்தா இருமலு, மாடிப்படி ஏறறப்ப புதுசா மூச்சு வாங்கறது, இதெல்லாம் எடையோட சேத்து ஒரே தாள்ல எழுதுங்க.

போறதுக்கு முந்தி டாக்டர்கிட்ட எழுதியே வாங்கிக்குங்க, எத்தன ஏறுனா மாத்திரைய என்ன பண்றது, எப்ப கப்பல் டாக்டர்கிட்ட போறதுன்னு. நீங்களா மாத்திரைய கூட்டவோ கொறைக்கவோ கூடாது. மாத்திரை ரெண்டு வாரத்துக்கு எச்சாவே கைப்பைல இருக்கட்டும், பெரிய பெட்டில போட்டுட்டா ரூமுக்கு வர பொழுதாயிரும். கப்பல்ல மருத்துவ அறை இருக்கும், ஆனா காசு எச்சாவே கேப்பாங்க, அதனால பழைய ஹார்ட் சீக்கையும் மறைக்காம சொல்லி இன்சூரன்ஸ் எடுங்க. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளங்கறது எல்லாருக்குமே சொல்ற அளவு, அவருக்கு டாக்டர் சொன்ன அளவ சமையல்காரங்ககிட்ட மொத நாளே சொல்லிருங்க. சூப்பு, ஊறுகா, அப்பளம், சாஸ் நாலும் வேண்டாம். ஆலப்புழைல நடந்தத மனசுல போட்டு அறுத்துட்டு இருக்காதீங்க தம்பி, இப்ப கேக்கறீங்களே.

---

சென்னிமலை_படி:

கோபி அக்கா, பினாங்குல எறங்குனா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு போங்க. 513 படி. நம்ம சென்னிமலை 1320 ஏறுனவீங்களுக்கு அது பாதி கூட இல்ல. கப்பல் நிக்கற எடத்துல இருந்து டாக்ஸி புடிச்சா போயிரலாம். வெயிலு ஏறறதுக்கு முந்தி போங்க, தண்ணி எடுத்துக்குங்க. மாமியாவ கீழயே ஒக்கார வெச்சிருங்க. மேல நின்னா பினாங்கு ஊரும் கடலும் தெரியும், நம்மாளுக நூறு வருசத்துக்கு மேல கொண்டாடிட்டு வர்ற தைப்பூச எடம், கண்ணுல தண்ணி வந்திருச்சு எனக்கு.

---

கோபி_அம்மணி:

எல்லாருக்கும் நன்றிங்க, போயிட்டு வந்துட்டேன். சொன்ன மாதிரியே கணக்கு எழுதறேன்.

போறதுக்கு முந்தின ஏழு நாளு சராசரி 71.4. கெளம்பற நாளு காத்தால 71.3. சிங்கப்பூர்ல கப்பல் ஏறி ஜிம்முல 72.2, பேன்ட் சட்டையோட, மத்தியான சாப்பாட்டுக்கப்பறம். பினாங்குல கப்பல் கட்டுனப்ப காத்தால 72.6. கடல்ல போறப்ப ஒருக்கா ஆசைக்கு ஏறிப் பாத்தேன், 71.8 க்கும் 73 க்கும் நடுவுல நம்பரு நிக்காம ஓடுச்சு, மண்டி அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து எழுதாம எறங்கிட்டேன். ஆனா டேப்பு தெனமும் புடிச்சேன், அதனால எழுதாத நாளுன்னு ஒண்ணு கூட இல்ல.

ஊட்டுக்கு வந்த மறுநாளு 73.7. முன்னாடியே சொல்லாம இருந்திருந்தா அன்னைக்கே நான் ஒடஞ்சு போயிருப்பேன். மறுநாளு 73.0, அப்பறம் 72.5, 72.1, 71.9, 71.7, ஏழாவது நாளு 71.7. வயிறு போறப்ப 88 சென்டிமீட்டர், வந்தப்ப 89 அரை, இப்ப 88. ரெண்டாவது வாரத்து சராசரி 71.6.

வெறுங்கையோட ஒரு சுத்து சுத்தறது எங்க குடும்பத்துல அல்லாருக்கும் பழகிருச்சு, சின்ன நங்கையா பையன் இப்ப கல்யாண மண்டபத்துலயே அப்படித்தான் பண்றான். ஐஸ்கிரீம் ரெண்டு தடவை சாப்பிட்டேன், மூணாவது நாளு ராத்திரி கேக்கும் சாப்பிட்டேன், மூணுமே நல்லா இருந்துச்சு, எழுதியும் வெச்சேன். 513 படியும் ஏறுனேனுங்க. பாதில நின்னப்ப கால் வெரலப் பாத்தேன், அம்மா ஞாபகம் வந்திருச்சு, கொஞ்ச நேரம் படிலயே ஒக்காந்துட்டு அப்பறம் மீதிய ஏறுனேன்.

காங்கேயம் தம்பி, அப்பா எப்படி இருக்காரு? கப்பல் போயாச்சா?

---

காங்கேயம்_வண்டி:

நேத்துத்தான் அக்கா ஊட்டுக்கு வந்தோம். மூணாவது நாளு காத்தால அப்பாவுக்கு 63.9 ல இருந்து 65.2. எனக்கு 74 அப்படியே. அஞ்சு தடவை ஏறியும் அதே. கால்லயும் குழி நின்னுச்சு. டாக்டரு எழுதிக் குடுத்த தாள கப்பல் டாக்டர்கிட்ட காட்டுனேன், அதுல இருக்கற படியே மாத்திரைய ரெண்டு நாளு கூட்டிக் குடுத்தாங்க. மறுநாளு 64.6, அதுக்கு மறுநாளு 64.1. மூச்சு வாங்கவே இல்ல. முந்தின நாளு ராத்திரி எனக்குத் தெரியாம ரெண்டு கிண்ணம் சூப்பு குடிச்சிருக்காரு, கேட்டதுக்கு கடல் காத்துக்கு எதமா இருந்துச்சு கண்ணுன்னாரு.

இன்னைக்கு காத்தால 63.8. எழுதிட்டேன்.